ஹைலக்ஸ் கெப்பின் முன்பக்கத்தை இறக்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

கேள்வி: "அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளி. என்னிடம் 1990களின் ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. டூ வீல் டிரைவ், டீசல். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பார்க்க வடிவாக இல்லை. இரண்டு அங்குலம் இறக்க விருப்பம். ஒரு கராஜில் போல்ட்டைத் தளர்த்தினால் சரி, அரை மணித்தியால வேலை என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பிரிங் வெட்ட வேண்டும் என்றார்கள். கிழமையில் சில நாள் மீன் பெட்டியும் ஏற்றுவேன். எது சரி?"

தம்பி, ஸ்பிரிங் வெட்டும் கதையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் வெட்டுவதற்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அந்தக் காலத்து டூ வீல் ஹைலக்ஸில் இருப்பது டோர்ஷன் பார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்து செஸிக்குப் பக்கத்தால் ஓடும் நீளமான இரும்புக் கம்பி பக்கத்துக்கு ஒன்றாகத் தெரியும். அதுதான் உங்கள் ஸ்பிரிங். வெட்டச் சொன்னவர் வண்டிக்கு அடியில் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

போல்ட்டைத் தளர்த்தச் சொன்னவர் காட்டிய வழி சரி. ஆனால் அரை மணித்தியாலம் என்பது அந்த போல்ட்டுக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் அளக்கவும், அதற்குப் பின்னால் எலைன்மென்ட், புஷ், ஹெட்லைட் என்று சரிபார்க்கவும் ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளைக் கொடுக்க முடியாவிட்டால் வண்டியை இப்போது நிற்கிறபடியே விடுவது நல்லது.

இரண்டு அங்குலம் எனக்குச் சம்மதமில்லை. ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. அதையும் ஸ்டொப்பர் ரப்பருக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

டோர்ஷன் பாரின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆம்மோடு பிணைந்திருக்கும். மறுமுனை செஸியின் குறுக்குச் சட்டத்தில் ஆங்கர் ஆம் என்ற சின்னக் கையில் நிற்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுகும். முறுகிய கம்பி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அந்த விசைதான் வண்டியைத் தாங்குகிறது. ஆங்கர் ஆம்மை ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் கம்பியின் தொடக்கக் கோணம் மாறி முன்பக்கம் எழும்பும், தளர்த்தினால் இறங்கும். ஏற்ற இறக்கத்துக்கென்று கம்பனியே வைத்த வழி இது. ஆகவே ஓரளவு இறக்குவதற்கு ஒரு பாகமும் வாங்கத் தேவையில்லை.

இங்கே கராஜ்களில் ஒரு பிழையான நம்பிக்கை ஓடுகிறது. போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மெதுவாகும், இறுக்கினால் கடினமாகும் என்பார்கள். அப்படி இல்லை. கம்பியின் கடினத்தைத் தீர்மானிப்பது அதன் உலோகம், நீளம், விட்டம், இந்த மூன்றும்தான். அதிலும் விட்டத்துக்கு வலு மிக அதிகம், நான்காம் அடுக்கில் வேலை செய்யும். விட்டம் பத்து வீதம் கூடினால் கடினம் ஏறக்குறைய 46 வீதம் கூடிவிடும். போல்ட் இந்த மூன்றில் ஒன்றையும் தொடுவதில்லை. அது மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்.

அப்படியென்றால் இறக்கிய வண்டி ஏன் குத்துகிறது? ஆம் மேலே வரும்போது கடைசியில் போய் முட்டுவதற்கு ஒரு ரப்பர் இருக்கிறதே, அதுதான் ஸ்டொப்பர். வண்டி சும்மா நிற்கும்போது அந்த ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சக்கரம் மேலே போகக் கிடைக்கும் பயணம். முன்பக்கத்தை இறக்கும்போது ஆம் அந்த ரப்பரை நோக்கி நகர்கிறது. ஸ்பிரிங் அதே கடினம், ஆனால் அது வேலை செய்ய இடம் குறைந்துவிட்டது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. நிற்கும் நிலையில் இருந்து ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் குத்தின் சக்தி, அது நகரக்கூடிய தூரத்தின் வர்க்கத்தோடு மாறும். இடைவெளி பாதியானால், ரப்பரில் இடிக்காமல் ஸ்பிரிங் வாங்கக்கூடிய குத்து நாலில் ஒன்றாகிவிடும். ரப்பருக்கு 60 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் கொஞ்சம்தானே இறக்கினோம் என்று தோன்றும். முன்பு சத்தமில்லாமல் தாண்டிய பள்ளத்தில் இப்போது டமார் என்று அடிக்கும். அந்த அடி போய் விழுவது செஸியிலும் போல் ஜொயின்டிலும் ஆம்மைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும். சொக்கை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. இடமில்லாத இடத்தில் எந்தச் சொக்கும் இடத்தை உண்டாக்காது.

ஆகவே மட்கார்ட் உயரத்தைப் பார்த்து இரண்டு அங்குலம் என்று தீர்மானிக்காதீர்கள். ஸ்டொப்பர் இடைவெளியைப் பாருங்கள். இறக்கிய பிறகு பழைய இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. தார் வீதியில் மட்டும் ஓடி, ஆள் மட்டும் ஏற்றும் வண்டிக்கு இதைவிடக் குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். நீங்கள் மீன் ஏற்றுகிறீர்கள். கரைவலை இழுக்கும் இடத்து வாடி வரை மணலில் இறங்குவீர்கள், நிலாவெளி வீதியில் இருந்து உள்ளே போகும் கிரவல் பாதைகளில் மாரியில் கிடங்கு விழும். உங்களுக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு கட்டாயம்.

சரி, இனி உங்கள் வண்டி ஏன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்போம். கம்பனியில் இருந்து வந்த கெப் எதுவும் வெறுமையாக நிற்கும்போது மூக்கைத் தூக்கி நிற்காது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமரும் என்பதற்காகப் பின்பக்கத்தைத்தான் கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். உங்களுடையது மாறி நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும், அல்லது இரண்டுமே நடந்திருக்கும்.

முதலாவது, பழைய சொந்தக்காரர் ஒருவர் டோர்ஷன் பார் போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தை ஏற்றியிருப்பார். பெரிய டயர் போடவும், ஜீப் மாதிரி தோற்றத்துக்கும் இப்படிச் செய்வது நம் நாட்டில் சர்வசாதாரணம். ஆங்கர் போல்ட்டில் நட்டுக்கு வெளியே எவ்வளவு புரி தெரிகிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். போல்ட் கடைசி வரை இறுகியிருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்கும் இரண்டு அங்குலத்தில் பாதிக்கு மேல் வண்டியைப் பழைய கம்பனி உயரத்துக்குக் கொண்டுவருவதாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு எந்தப் பயமும் வேண்டாம், வண்டி முன்பைவிட நன்றாக ஓடும். சேர்விஸ் கைநூலில் உயர அளவு இருக்கும், எங்காவது கிடைத்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பின்பக்கப் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங், களைத்துப் போயிருக்கும். ஐஸ் போட்ட மீன் பெட்டியின் பாரம் பெரும்பாலும் பின் அச்சிலேயே விழும். பெட்டி பின் கதவுக்குக் கிட்ட இருந்தால் முன்பக்கம் இன்னும் எழும்பும். வருடக்கணக்காகப் பாரம் சுமந்த லீஃப் ஸ்பிரிங் வளைவு குறைந்து தட்டையாகிவிடும். அப்படியானால் நோய் பின்னால் இருக்கும்போது மருந்தை முன்னால் போடுகிறோம் என்றாகிவிடும். முன்பக்கத்தையும் இறக்கினால், பாரம் ஏற்றியதும் முன்னும் பின்னும் ரப்பரில் உட்கார்ந்த வண்டி ஒன்றுதான் மிஞ்சும். பட்டையைக் கழற்றி வளைவு எடுத்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. முதலில் அதைச் செய்துவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். இதைச் செய்த பிறகு முன்பக்கத்தைத் தொடவே தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றவும் கூடும்.

அளக்கும் முறை இதுதான். சமமான சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பின்னால் சாமான் வேண்டாம், உள்ளே ஆள் வேண்டாம். முன் பம்பரை நாலைந்து தடவை அமத்திவிட்டு அது தானாக நிற்கும் இடத்தில் அளவெடுங்கள். தரையில் இருந்து மட்கார்டுக்கு அளப்பதைவிட, சக்கரத்தின் நடுவில் இருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்புக்கு அளப்பதுதான் நம்பக்கூடியது. டயர் தேய்மானமும் காற்றும் அதில் கலக்காது. நான்கு சக்கரத்துக்கும் எடுத்து எழுதுங்கள். பிறகு முன்பக்கம் இரண்டு ஸ்டொப்பர் இடைவெளி, இரண்டு போல்ட்டின் வெளியே தெரியும் புரி நீளம். போனில் படமும் எடுத்து வையுங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்ப இந்த அளவுகள்தான் கைகொடுக்கும்.

இடதுக்கும் வலதுக்கும் நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. கூட இருந்தால் பின்பக்கத்தில் ஒரு பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஒரு மூலை அமர்ந்தால் எதிர் மூலையில் முன்பக்கம் எழும்பும். அதை முன் போல்ட்டால் சமன்செய்து மறைக்கக் கூடாது. மறைத்தால் நான்கு சக்கரத்திலும் பாரம் ஒழுங்கில்லாமல் பிரிந்து, பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வேலைக்கு முன்னால் இன்னொன்று. நம் ஊரில் கடற்காற்றுக்கு இரும்பு நிற்காது. மீன் தண்ணீரும் ஒழுகினால் சொல்லவே வேண்டாம். அந்த ஆங்கர் போல்ட் பல வருடமாக அசையாமல் உப்பில் ஊறியிருக்கும். நேரே பெரிய ஸ்பனரைப் போட்டு உலுப்பினால் புரி உரியும், அல்லது போல்ட் முறியும். கம்பித் தூரிகையால் புரியைத் துப்புரவாக்கி, துருக் கரைக்கும் எண்ணெய் அடித்து, ஓரிரு இரவு ஊறவிட்டுப் பிறகு தொடுங்கள். துப்புரவாக்கும்போது கம்பியின் முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள். டோர்ஷன் பாரில் ஆழமான துருக்குழியோ கீறலோ இருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அப்படி இருந்தால் உயரத்தை மறந்துவிட்டு முதலில் கம்பியை மாற்றுங்கள். மேலால் கறுப்புப் பெயின்ட் அடித்து மூடுவதில் பயனில்லை.

வேலை நேரத்தில் முன்பக்கத்தைச் செஸியில் ஜக் போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்துச் சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். அப்போது கம்பியின் முறுக்கு மிகக் குறைவாக இருக்கும், போல்ட்டும் இலகுவாகச் சுழலும். முற்றத்து மணலில் ஜக் வைத்து, அதை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. லொக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைச் சுற்று போல்ட்டைத் தளர்த்துங்கள். முதல் தடவை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆங்கர் ஆம் குட்டையானது, சக்கரத்தின் ஆம் நீளமானது. அதனால் போல்ட்டில் சின்ன அசைவு சக்கரத்தில் பெரிதாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று உங்கள் வண்டியில் அளந்தே அறிய வேண்டும்.

பிறகு வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமத்திவிட்டு அளவெடுங்கள். உருட்டாமல் அளந்தால் பொய்யான உயரம்தான் வரும், ஏனென்றால் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை முழுதாக அமர விடாது. உயரம் இன்னும் இறங்கவில்லை என்று திரும்பத் திரும்பத் தளர்த்தி, அடுத்த நாள் ஓடி வந்து பார்க்கும்போது மூக்கு நிலத்தில் கிடக்கும்.

போல்ட்டை முழுதாகக் கழற்றி ஆங்கர் ஆம்மைச் சும்மா தொங்கவிடும் வேலையை ஒருபோதும் செய்ய வேண்டாம். சக்கரம் ஒரு கிடங்கில் தொங்கும் நேரம் ஆம் தன் இடத்தை விட்டு விலகலாம். புரி முடிகிற அளவுக்கு இறக்க வேண்டியிருந்தால், ஆங்கர் ஆம்மைக் கழற்றிக் கம்பியின் பல்லில் ஒரு பல் தள்ளிப் பூட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் கம்பியிலும் ஆம்மிலும் நேர்கோட்டில் பெயின்ட் குறி போடுங்கள். இடது கம்பியையும் வலது கம்பியையும் மாற்றிப் போடக் கூடாது. செய்யும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பதப்படுத்திய கம்பிகள் அவை, எதிர்த் திசையில் முறுகினால் களைத்து உடைந்துவிடும்.

சிலர் ஸ்டொப்பர் ரப்பரைப் பாதியாக வெட்டி இடைவெளி எடுப்பார்கள். ரப்பர் கம்பனி அளவில் இருக்கும் வரை, வண்டியை எவ்வளவு இறக்கினாலும் சொக் ஆகக்கூடச் சுருங்கும் அளவு மாறாது, ஆம்மின் கடைசி எல்லை அந்த ரப்பர்தானே. ரப்பரை வெட்டினால் அந்த எல்லை மேலே போகும். அப்போது சொக் உள்ளுக்குள் அடிபட்டு உடையும், டயர் மட்கார்டுக்குள் உரசும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் புதிது போடுங்கள், வெட்ட வேண்டாம்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். முன்பக்கத்தை மட்டும் இறக்கும்போது முழு வண்டியும் முன்னோக்கிச் சாய்கிறது. உங்கள் கெப்பில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.8 மீட்டர் சொச்சம். அதில் இரண்டு அங்குலம் இறக்கினால் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை. சின்னதாகத் தெரியும் இந்த ஒரு பாகை ஸ்டியரிங்கிலும் ஹெட்லைட்டிலும் வெளிப்படும்.

ஸ்டியரிங்கில் என்ன நடக்கிறது? சக்கரம் திரும்பும் அச்சு கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதைக் காஸ்டர் என்பார்கள். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராக வருவது அதனால்தான். வண்டி முன்னோக்கி ஒரு பாகை சாய்ந்தால் காஸ்டரும் ஒரு பாகை குறையும். ஸ்டியரிங் கைக்கு இலகுவாகும், டவுனுக்குள் நன்றாகத்தான் இருக்கும். கந்தளாய் தாண்டி வேகம் எடுக்கும்போது வண்டி அங்குமிங்கும் அலையும், கை எப்போதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதோடு கேம்பரும் மாறும், சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். டோவும் மாறும், அதாவது முன் சக்கரங்கள் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. டோ பிழைத்த வண்டி புது டயரைக்கூடச் சீக்கிரத்தில் தின்றுவிடும்.

ஆகவே இறக்கிய பிறகு வீல் எலைன்மென்ட் கட்டாயம். டோ மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினால் ஏற்க வேண்டாம். காஸ்டர், கேம்பர், டோ, இந்த ஒழுங்கில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னுள்ளதை மாற்றினால் பின்னுள்ளதும் மாறும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. கம்பியூட்டரில் செய்யும் இடமானால் முன் அளவும் பின் அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். போல் ஜொயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட் முனை எதிலாவது ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆட்டத்தோடு எடுத்த எலைன்மென்ட் அடுத்த கிடங்கு வரைதான் நிற்கும்.

ஹெட்லைட்டும் அதே ஒரு பாகை கீழே பார்க்கும். சாதாரணமாக டிம் லைட்டை ஒரு வீதம் கீழ்நோக்கி வைப்பார்கள், அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். லைட் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 75 மீட்டர் வரை போகும். ஒரு பாகை என்பது இன்னும் 1.75 வீத இறக்கம். கூட்டிப் பார்த்தால் வெளிச்சம் ஏறக்குறைய 27 மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16, 17 மீட்டர் ஓடுகிறீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவே இரவில் யானை கடக்கும் வீதி அது. 27 மீட்டர் வெளிச்சத்தில் யானையைக் கண்டு வண்டியை நிறுத்த முடியாது. லைட்டைத் திருத்தும் திருகு லைட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சுவர் ஒன்றின் முன்னால் பழைய உயரத்தில் வெளிச்ச விளிம்பு விழும் இடத்தைச் சோக்கட்டியால் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், பிறகு ஒப்பிட்டுத் திருத்துவது சுலபம். வண்டியின் முகம் இறங்கிய அளவுக்கு அந்தக் குறியையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

புஷ்களை மறக்க வேண்டாம். ஆம்களின் ரப்பர் புஷ்கள் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியவை. அவை சுழல்வதில்லை, முறுகித்தான் வேலை செய்கின்றன. பழைய உயரத்தில் இறுக்கிய புஷ், புது உயரத்தில் வண்டி சும்மா நிற்கும்போதே முறுகி நிற்கும். சில மாதத்தில் கிழியும். ஆகவே உயரம் முடிவான பிறகு, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதே ஆம்களின் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, புஷ்ஷை இளகவிட்டு, கைநூலில் உள்ள அளவுக்குத் திரும்ப இறுக்க வேண்டும். இதைச் செய்யும் கராஜ் குறைவு. கேட்டுச் செய்வியுங்கள்.

பயணத்தை இழக்காமல் இரண்டு அங்குலம் இறக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும். அதற்கு டிரொப் ஸ்பின்டில் என்ற பாகம் இருக்கிறது. சக்கரம் பூட்டும் தண்டை, ஆம்களோடு இணையும் நக்கிள் என்ற பாகத்தில் இரண்டு அங்குலம் மேலே வைத்துச் செய்திருப்பார்கள். ஆம்கள் பழைய கோணத்திலேயே நிற்கும், ஸ்டொப்பர் இடைவெளி அப்படியே இருக்கும், வண்டி மட்டும் இறங்கும். சின்ன கெப்களை இறக்கி ஓடும் மோகம் கலிபோர்னியாவில் வளர்ந்த காலத்தில் இருந்து அமெரிக்காவில் இதைச் செய்து விற்கிறார்கள். வேலை என்று பார்த்தால் இதுதான் மிகத் துப்புரவானது. ஆனால் உங்கள் பிரேக்குக்கும் பெயரிங்குக்கும் பொருந்துகிறதா, உங்கள் ரிம்முக்குள் டை ரொட் முனை இடிக்காமல் நிற்குமா என்று உறுதியாகத் தெரிந்த பிறகே காசு கொடுங்கள். பழைய நக்கிளை வெட்டி ஒட்டி இதே மாதிரிச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். முன் சக்கரம் கழன்றால் உயிர் போகும் இடம் அது.

டயரைச் சின்னதாக்கி இறக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 195ஆர்14 டயரை எடுத்துவிட்டு 205/70ஆர்14 போட்டால் வண்டி முழுதாக 12 மில்லிமீட்டர் அளவில் இறங்கும், ஸ்பீடோமீட்டர் நாலு வீதம் கூடக் காட்டும். ஆனால் கெப்புக்கான எட்டுப் பிளை 195ஆர்14 டயர் ஒன்று 950 கிலோ தாங்கும். கார் வகை 205/70ஆர்14 பெரும்பாலும் 700 கிலோ அளவில்தான் நிற்கும். ஐஸும் மீனும் ஏற்றும் வண்டிக்கு அது சரிவராது.

வேறு கெப் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நிசான் டி21, டி22, இசுசு டிஎஃப்ஆர், முதல் தலைமுறை டிமெக்ஸ், பழைய ஃபோர் வீல் எல்200 எல்லாவற்றிலும் முன்னால் டோர்ஷன் பார்தான், மேலே சொன்னது பொருந்தும். பழைய ஃபோர் வீல் எல்என்106 ஹைலக்ஸில் முன்னாலும் லீஃப் ஸ்பிரிங். பட்டையை உருவி இறக்கினால் அச்சைப் பிடித்துக்கொள்ளும் பலமே போகும், செய்யாதீர்கள். வீகோ ஹைலக்ஸுக்குச் சுருள் ஸ்பிரிங். அதற்கென்று செய்த குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போடலாம். வெட்டினால் கடைசிச் சுருள் அதைத் தாங்கும் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளரும். எந்த ஸ்பிரிங்கையும் காஸ் அடித்துச் சூடாக்கி இறக்க விடாதீர்கள், எஃகின் பதம் போய்விடும்.

போலிஸ், காப்புறுதி பற்றியும் ஒரு சொல். போல்ட்டின் எல்லைக்குள் ஒரு அங்குலம் இறக்குவது கம்பனி வைத்த சரிசெய்தல்தான். ஸ்பின்டில் மாற்றுவது அப்படி அல்ல. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்ததைப் பார்த்தோம். பாகம் மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதிக் கம்பனியிலும் முதலில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை விற்கவும் வேண்டாம். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல் திரும்பத் தொடங்கும் வரை இந்தப் பழைய கெப்கள் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். கம்பனி நிலைக்குத் திரும்பக்கூடிய வண்டிக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

முன்பக்கம் இறங்கியதும், பின்பக்கமும் கொஞ்சம் இறங்கினால் நல்லது என்று கட்டாயம் ஆசை வரும். பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவார்கள். பாரம் ஏற்றும் வண்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் வண்டியில் பின் அச்சில் இருந்து ஒரு கம்பி மேலே செஸியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால், செஸிக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் அந்த வால்வு பாரத்தைக் கணிக்கிறது. பின்பக்கத்தை இறக்கினால் வெறும் வண்டியையும் பாரம் ஏற்றிய வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூட அழுத்தம் அனுப்பும். மழை ஈரத்தில் வெறும் வண்டியைப் பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். பட்டைக்கு வளைவு எடுத்துப் பின்பக்கம் உயர்ந்தாலும் இதே வால்வு எதிர்ப்பக்கம் பிழைக்கும், பாரம் ஏற்றிய நேரத்தில் பின் பிரேக் போதாமல் போகும். ஆகவே பட்டை வேலை முடிந்ததும் அந்தக் கம்பியின் நீளத்தையும் கைநூல்படி சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்டொப்பர் இடைவெளியையும் நான்கு சக்கர அளவையும் எடுத்து எனக்கு எழுதினால், உங்கள் வண்டிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை போல்ட்டைத் தொட வேண்டாம்.